வார்டன் இல்லாத வீட்டிலிருந்து

விருதுநகரில் என்னை வளர்த்த தெருவுக்கு,

அண்ணாச்சிமாரே, அத்தைமாரே! பங்குனிப் பொங்கலுக்கு வந்ததில் எல்லாரையும் பார்த்து மனசு நிறைந்துதான் கிளம்பினேன். ஆனால் கிளம்பும் நேரத்தில் காதில் விழுந்த ஒரு சேதி, மேடிசன் வந்து சேர்ந்த பிறகும் என்னைத் தூங்கவிடவில்லை.

நம் தெருப் பிள்ளை ஒருத்திக்கு, நான் படித்த அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது, மாதச் சம்பளமும் உண்டு. நீங்கள் கூடிப் போய் அவள் அப்பாவின் மனசைக் கலைத்துவிட்டீர்கள். ஹாஸ்டல் இல்லையாம், வார்டன் இல்லையாம், வெளியே வீடெடுத்துத் தங்கணுமாம். "கேட்க ஆளில்லாத இடத்துக்குப் பொம்பளப் பிள்ளையை எப்படி அனுப்ப?"

கேட்க ஆளிருக்கிறது. நான் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே ஏறக்குறைய 50,000 பேர் படிக்கிறார்கள். விடுதி இடம் பெரும்பாலும் முதலாண்டுப் பிள்ளைகளுக்கே சரியாகிவிடும். மற்றவர்கள் மிஃப்ளின், ஜான்சன், கோர்ஹம் தெருக்களில் பழைய மரவீடுகளை நாலைந்து பேராகச் சேர்ந்து எடுக்கிறார்கள். அடுத்த ஆகஸ்டில் குடிபோகும் வீட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒருத்தி வாடகை தராவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும். குடிபோன 7 நாளுக்குள் வீட்டின் பழுதையெல்லாம், சுவரின் ஆணி ஓட்டை வரை, எழுதிக் கொடுத்துவிட வேண்டும். காலி செய்தால் 21 நாளுக்குள் வீட்டுக்காரர் அட்வான்ஸைத் தர வேண்டும், பிடித்தால் கணக்குக் காட்ட வேண்டும். அவசரம் தவிர, 12 மணி நேரம் முன்னால் சொல்லாமல் அவர் உள்ளே நுழையக்கூடாது. இது மாநிலச் சட்டம்.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆகஸ்ட் 14 அன்று முடியும்; புதியது 15-ஆம் தேதிதான் தொடங்கும். நடுவில் ஒரு ராத்திரி, ஏராளமான பிள்ளைகளுக்கு வீடில்லை. தெருவோரமெல்லாம் சோபாவும் மேசையும் கிடக்கும், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். 'ஹிப்பி கிறிஸ்துமஸ்' என்று ஊரே அதைச் சொல்லும். அப்படித் தூக்கிவந்த ஒரு மேசையில்தான், 'கால் ஆடாது' என்று யாரோ ஒட்டிவைத்த சீட்டைக்கூடக் கிழிக்காமல், என் ஆய்வேட்டை எழுதி முடித்தேன். வீடில்லாத அந்த ராத்திரி ஒரு சேலத்து அக்கா வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் படுத்தோம். காலையில் எல்லாருக்கும் அவரே உப்புமா கிண்டினார்.

2019 ஜனவரியில் குளிர் மைனஸ் 30 டிகிரியைத் தாண்டியது. பல்கலைக்கழகமே வகுப்பை நிறுத்தியது. என்னோடு இருந்த பால்பண்ணைக் குடும்பத்துப் பெண், குழாய் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை நூலாக ஒழுகவிடச் சொல்லித்தந்தாள். எனக்குக் காய்ச்சல் கண்டபோது அதே வீட்டில் இருந்த டாக்காப் பெண் கஞ்சி வைத்தாள். பனி நின்ற மறுநாள் மதியத்துக்குள் வாசல் நடைபாதைப் பனியைத் தள்ளாவிட்டால் அபராதம் என்பதால் முறைவைத்து மண்வெட்டி பிடித்தோம். வாடகை, கரண்டு பில், சமையல், சண்டை எல்லாவற்றுக்கும் நாங்களே பொறுப்பு. நான் ஆளானது அந்த வீட்டில்தான்.

நம் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே வெளியூர் மளிகைக் கடைகளுக்குப் போய், கடை மாடியிலேயே படுத்துத் தொழில் கற்றார்கள். அப்போது எந்த வார்டனைக் கேட்டீர்கள்? திருநீறு பூசி அனுப்பினீர்கள். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. அந்த ஊரே ஒரு பிள்ளையின் படிப்பை மறிக்குமானால், இதை ஒரு வீட்டு விஷயம் என்று என்னால் விட முடியவில்லை. இன்று இவள், நாளை நம் பக்கத்தில் ஒருத்தியும் விண்ணப்பம்கூடப் போடமாட்டாள். அத்தனைக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோபப்பட எனக்கு என்ன உரிமை என்று கேட்பீர்கள். அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குக் கூட்டிப்போனது நீங்கள். ராத்திரியில் எங்கள் வீட்டு விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பதும் நீங்கள். என் சம்பளம், என் பெயரில் வீடு என்று இங்கே நிமிர்ந்து நடக்கும்போதெல்லாம், மகள் செய்ய வேண்டியதை நீங்கள் செய்கிறீர்களே என்று உறுத்துகிறது. அந்தக் கடன் தீராது. போன பிள்ளை திரும்பமாட்டாள் என்ற பயம்தான் உங்களை வார்டன் பேச்சு பேசவைக்கிறது என்பதும் புரிகிறது. என்னைப் பார்த்து வந்த பயம் அது. அதற்கு அவளைத் தண்டிக்காதீர்கள்.

ஏப்ரல் 15-க்குள் அவள் பதில் எழுத வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். அவளுடைய வாடகை ஒப்பந்தத்தை வரிவரியாக நான் படித்துப் பார்க்கிறேன். சாவி வாங்கும் அன்று கூடவே நிற்கிறேன். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தடுப்பதற்குக் கூடிப் போன மாதிரியே, அனுப்பச் சொல்வதற்கும் அவள் அப்பாவிடம் கூடிப் போங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பிள்ளை
மேடிசன், விஸ்கான்சின்