நிழல் எழுத்து

பழைய ஆங்கில மருத்துவ நூல்களைப் புரட்டும் மாணவர் ‘ஸ்கயாகிராம்’ என்னும் சொல்லைக் கண்டு மயங்குவதுண்டு. இன்று நாம் எக்ஸ்றேப் படம் என்று வழங்குவதையே அந்நாளில் அப்பெயரால் அழைத்தனர். ‘ஸ்கியா’ என்பது கிரேக்க மொழியில் நிழலைக் குறிக்கும். ‘கிராம்’ என்பது எழுதப்பட்டது எனப் பொருள்படும். ஆகவே அது ‘நிழல் எழுத்து’ ஆயிற்று.

1895 நவம்பர் 8ஆம் நாள், ஜேர்மனியின் வூர்ஸ்பூர்க் நகரில் பேராசிரியர் வில்கெல்ம் றொன்ட்கன் கண்ணுக்குப் புலனாகாத ஒரு கதிரைக் கண்டறிந்தார். அதன் இயல்பு விளங்காமையின், அட்சரகணிதத்தில் அறியாக் கணியத்தைக் குறிக்கும் ‘எக்ஸ்’ என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக இட்டார். டிசம்பர் 22இல் தம் மனைவியாரின் கையை அக்கதிரால் படமெடுத்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதிலே தோன்றின.

அடுத்த ஆண்டிலேயே இங்கிலாந்து மருத்துவரிடையே நிழல் எழுத்து என்னும் பெயர் பரவிற்று. 1896இல் சிட்னி றோலண்ட் என்பார் இலண்டனில் தொடங்கிய மருத்துவ இதழ் அச்சொல்லையே தன் பெயரிற் கொண்டிருந்தது. எனினும் 1897இல் அவ்விதழின் பெயரில் அதனிடத்தை றொன்ட்கன் கதிர் என்பது பெற்றது. காலப்போக்கில் பழஞ்சொல் வழக்கொழிந்தது.

சொல் மறைந்தாலும் அது உணர்த்திய உண்மை மறையவில்லை. சாதாரண ஒளிப்படம் பொருளின் மேற்பரப்பிலே பட்டுத் திரும்பும் ஒளியால் அமைவது. எக்ஸ் கதிரோ உடலை ஊடுருவிச் செல்வது. தசை அதனைப் பெரும்பாலும் செல்லவிடும். கல்சியம் செறிந்த எலும்பு பெரிதும் தடுக்கும். கதிர் பட்ட இடம் படத்திற் கருமையுறும். தடுக்கப்பட்ட இடம் வெண்மையாய் நிற்கும். நாம் எலும்பென்று காண்பது எலும்பின் வெண்ணிழலேயாம்.

விளக்கின் முன்னே இரு கைகளையும் முன்பின்னாகப் பிடித்தால் சுவரில் ஒரே நிழல் விழும். எக்கை முன்னது என்று அந்நிழல் கூறாது. எக்ஸ்றேப் படமும் இத்தகையதே. முன்னிருந்து எடுத்த படத்தில் மறைந்த எலும்பு முறிவு, பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் வெளிப்படலாம். மருத்துவர் இரண்டாவது படம் கேட்பது வீண் செலவு என்று முணுமுணுப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. படத்தை வெளிச்சத்திற் பிடித்துத் தாமே நோயைத் தீர்மானித்துக் கலங்குவோரும், கவலையில்லை என்று வாளாவிருப்போரும் நம்மிடையே உளர். நிழலைப் படிப்பதற்குப் பயின்ற கண் வேண்டும். இவ்வெச்சரிக்கையைப் பழஞ்சொல் தன் பெயரிலேயே தாங்கி நின்றது.