யமாட்டோ பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்

யமாட்டோ என்னிடம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானின் ராட்சதக் கப்பல், என் மேசை இழுப்பறையில் ஒன்பது சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த உலோகத் துண்டாகக் கிடக்கிறது. அசலின் 3000-இல் ஒரு பங்கு. ஆசையாசையாய் வாங்கி நிறம் தீட்டியதுதான். ஆனால் விளையாட எடுப்பது அபூர்வம். அதன் பீரங்கி 42 கிலோமீற்றர் எட்டும். அதே அளவில் சுருக்கினாலும் 14 மீற்றர். லண்டன் இல்போர்ட்டின் வரிசை வீடொன்றில் 14 மீற்றர் வேண்டுமென்றால் எதிரிக் கப்பலைப் பின்வளவில், பக்கத்து வீட்டுப் பூனையின் காவலில்தான் நிறுத்த வேண்டும்.

தரையிலோ மேசையிலோ சின்னக் கப்பல்களைப் பரப்பி, அளவு நாடா பிடித்து, தாயக்கட்டை உருட்டிக் கடற்போர் நடத்தும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருமே பெரிய கப்பலில்தான் தொடங்குகிறார்கள். ஹூட், பிஸ்மார்க், யமாட்டோ. கொஞ்சக் காலத்தில் அவை பெட்டிக்குள் போய்விடும். தரைக்கு வருவதெல்லாம் மூன்று நான்கு சென்ரிமீற்றர்ச் சாமான்கள். எனக்கு இனிக்கிற நினைவுகளும் அவற்றோடுதான்.

இந்த அளவுக் கப்பல்களை விற்கும் நாவ்வார் என்ற நிறுவனம் செவன் கிங்ஸில் இருக்கிறது. நம் ஆட்கள் நிறைந்த பக்கம். புட்டுக்குழலும் மாசிக் கருவாடும் வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், உலகத்துக் கடற்படைகள் அத்தனையும் பக்கத்திலேயே விலைக்குக் கிடக்கின்றன என்று? நான் தபாலில்தான் வாங்கினேன். பட்டியலைப் பார்த்து இலக்கங்களை எழுதி, காசோலையோடு உறையில் போட்டுவிடுவேன். நடந்து போகிற தூரத்துக்கு முத்திரை ஒட்டுகிற மனிதன் என்று மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். போய் வாங்கினால் அது கடைச் சாமான். தபாலில் வந்தால் பொதி. வேலை முடிந்து வந்து, கால்மேசு கழற்றாமலே அந்தச் சின்னப் பிளாஸ்ரிக் பைகளைப் பிரித்துக் கொட்டுகிற சுகம் கடை வாசலில் கிடைக்காது.

பிரித்ததும் கப்பல் கப்பலாக இருக்காது. ஓரமெல்லாம் வார்ப்புப் பிசிறு. முதல் உலகப் போர்க்கால ஜேர்மன் போர்க்கப்பலான எம்டன் வந்த நாளில் அதைச் சோடாப் போத்தல் மூடியில் புளூ டாக்கால் நிறுத்தி, நக அரத்தால் இரண்டு பக்கமும் மெதுவாக ராவினேன். அடிப்பூச்சு காய்ந்த பிறகு சாம்பல் நிறம். அதற்கு மேல் கறுப்பு மையைத் தண்ணீராய்க் கரைத்து ஓடவிட்டால், மை போய்ப் பள்ளங்களில் தங்கி, அதுவரை கண்ணுக்கே படாத படகுகளும் ஏணிகளும் எழுந்து நிற்கும். மொத்தக் கப்பலே நான்கு சென்ரிமீற்றர். புகைபோக்கிகள் மூன்றும் எள்ளைவிடக் கொஞ்சம் தடிப்பு. நான்காவதைத்தான் நான் செய்தேன்.

1914 ஒக்ரோபர் 28 விடியற்காலையில் எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்தபோது அதற்கு நான்கு புகைபோக்கிகள். ஒன்று கித்தானால் செய்த பொய். நான்கு புகைபோக்கியுள்ள பிரித்தானியக் கப்பல் என்று பார்ப்பவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக. நம்பினார்கள். ரஷ்யாவின் ஷெம்சுக்கும் பிரான்சின் மூஸ்கேயும் அன்று காலையிலேயே அடியில் போயின. ஐந்து வாரத்துக்கு முன், செப்ரெம்பர் 22 இரவு, சென்னையில் பர்மா ஒயில் கம்பனியின் எண்ணெய்க் குதங்களைக் கொளுத்திவிட்டுப் போனதும் இதே கப்பல், இதே கப்ரன் ஃபொன் முல்லர். ஆகவே என் எம்டனுக்கும் ஒரு பொய்ப் புகைபோக்கி வேண்டியிருந்தது. மின்கம்பியில் ஒரு துணுக்கை வெட்டி, மெழுகில் தொட்டு வைத்தேன். தேவையானபோது நடலாம், பிடுங்கலாம். கம்பளத்துக்குள் விழுந்தால் போச்சு. விழுந்தும் இருக்கிறது. வெட்டிவிட்ட கம்பி வீட்டில் எப்போதும் கொஞ்சம் இருக்கும்.

இது ஏதோ நேற்று முளைத்த விளையாட்டு இல்லை. பிரெட் ஜேன் என்ற ஆங்கிலேயர் 1898 வாக்கில் நடத்திய கடற்போர் விளையாட்டில், கப்பலின் படம் வரைந்த அட்டையை ஊசி பதித்த மட்டையால் ஓங்கித் தட்ட வேண்டும். ஊசி மட்டையின் நடுவில் இருக்காது. குறி வைத்த இடம் ஒன்று, குத்துவது இன்னொன்று. பீரங்கிக் குணத்தை இதைவிட நேர்மையாக யாராவது காட்டியிருப்பார்களா என்பது சந்தேகம். அதே ஆண்டு அவர் வெளியிட்ட கப்பல் விபரத் தொகுப்புத்தான் வளர்ந்து வளர்ந்து ஜேன்ஸ் ஃபைட்டிங் ஷிப்ஸ் ஆனது. அமெரிக்க எழுத்தாளர் ஃபிளெச்சர் பிராட் 1940-இல் நூலாக வெளியிட்ட விதிகளிலோ, குறி பார்ப்பதற்குத் தாயக்கட்டையே கிடையாது. எதிரி எவ்வளவு தூரம் என்று கண்ணால் மதிப்பிட்டு எழுத வேண்டும். அதன் பிறகுதான் நாடா. எழுதிய தூரத்தில் கப்பல் இருந்தால் அடி, இல்லாவிட்டால் தண்ணீர்.

எங்கள் வீட்டில் பிராட்டின் முறையையும் தாயக்கட்டையையும் கலந்துவிட்டோம். தூரம் பிராட் முறையில், சேதம் தாயக்கட்டையில். அப்படித்தான் இந்து சமுத்திரத்துக் கொக்கோஸ் தீவுச் சண்டையை வரவேற்பறைக் கம்பளத்தில் வைத்தோம். 1914 நவம்பர் 9, எம்டனும் அவுஸ்திரேலியாவின் சிட்னியும். எம்டன் சுடத் தொடங்கியபோது இடைவெளி ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோமீற்றர். சுருக்கிப் பாருங்கள், மூன்று மீற்றரும் கொஞ்சமும். எங்கள் சோபாவுக்கும் ரீவி மேசைக்கும் இடையில் சரியாக அவ்வளவுதான். தூரத்தை அதற்கு மேல் குறுக்கவும் வேண்டாம், கற்பனையும் வேண்டாம். யமாட்டோவுக்குக் கிடைக்காத மரியாதை இந்தச் சின்னதுகளுக்குக் கிடைத்தது.

சிட்னி என்னுடையது. எம்டன் என் அக்காவின் மகளிடம். அப்போது அவள் பள்ளிக்கூடச் சீருடையோடு வந்து குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளையாடுகிற வயது. பார்வை கப்பலின் மேல்தட்டு உயரத்துக்கு வரவேண்டுமாம். முதல் மூன்று சுற்றிலும் அவள் எழுதிய தூரம் விரற்கடை பிசகவில்லை. உண்மையிலும் எம்டன்தான் முதலில் அடித்தது. அதன் ஆரம்பக் குண்டுகளில் ஒன்று சிட்னியின் தூரமானி ஒன்றை நாசமாக்கியது. வரலாறு தெரிந்த பிள்ளை என்று உள்ளூரப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பிறகுதான் பார்த்தேன், அவளுடைய உதடு அசைகிறது. கம்பளத்துப் பூக்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் எத்தனை அங்குலம் என்பதை நான் தேத்தண்ணி போடப் போன நேரத்தில் நாடா வைத்து அளந்திருக்கிறாள். விதியில் அதற்குத் தடை இல்லை. முல்லர் கேள்விப்பட்டிருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

என்ன எண்ணியும் சண்டை முடிவு மாறவில்லை. சிட்னியின் குண்டு ஒவ்வொன்றும் 45 கிலோ, எம்டனுடையது 17 கிலோ. வேகமும் சிட்னிக்கே கூட. எட்டி நின்று அடித்தால் போதும். அசல் எம்டன் உருக்குலைந்து வடகீலிங் தீவின் பவளப் பாறையில் ஏறியது. எங்கள் எம்டன் சோபாவின் காலில் ஏறியது. தோற்றதைவிட அவளுக்குக் கோபம் வேறொன்றில். சண்டைக்கு முன் தந்திக் கம்பிகளை வெட்டுவதற்காகத் தீவில் இறக்கிய ஐம்பது பேரைத் திரும்ப ஏற்ற நேரமில்லாமலே எம்டன் புறப்பட்டுவிட்டது என்று வாய்தவறிச் சொல்லியிருந்தேன்.

“ஏன் மாமா, அவ்வளவு பேரையும் விட்டிட்டு வெளிக்கிட்டவை? பீரங்கிக்கு ஆள் வேணுமெல்லோ!”

அவர்கள் ஆயிஷா என்ற பழைய பாய்க்கப்பலைப் பிடித்துக்கொண்டு தப்பிய கதையைச் சொன்ன பிறகுதான் சாப்பிட வந்தாள். அடுத்த பொதியில் ஆயிஷா வராதா என்று பட்டியலையும் புரட்டினாள்.

இளம் பெண்கள் இந்த விளையாட்டில் அனுபவசாலிகளைத் திணறடிப்பது அவளோடு தொடங்கியதும் இல்லை. 1942-இல் லிவர்பூலில், அட்லாண்டிக் கடலில் நீர்மூழ்கிகளை எப்படி வேட்டையாடுவது என்று பிரித்தானியக் கடற்படை ஒரு கூடத்துத் தரையில் கோடு கீறி விளையாடிப் பார்த்தது. நடத்தியவர் கில்பேர்ட் ரொபேர்ட்ஸ் என்ற அதிகாரி, கூடவே பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்கள். பெரிய தளபதி மக்ஸ் ஹோட்டன், தானே பழைய நீர்மூழ்கிக்காரர், அங்கு நீர்மூழ்கியாக விளையாடி ஜனெட் ஓகெல் என்ற இளம் பெண்ணிடம் ஐந்து முறை தோற்றார். அங்கேயும் பேச்சு யுத்தக் கப்பல்களைப் பற்றியதல்ல, காவலுக்குப் போகிற சின்னக் கப்பல்களைப் பற்றியது.

என் சேகரிப்பில் மற்றவர்கள் தேடிவந்து பார்ப்பது பிரித்தானியாவின் ஹெர்மிஸை. ஆறு சென்ரிமீற்றர். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதற் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9-இல் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. அப்போது அதன் தட்டில் ஒரு விமானமும் இல்லை. 307 பேர் போனார்கள். கூட வந்த வாம்பயர் என்ற நாசகாரியும் போனது. அண்மையில் நின்ற வீற்றா என்ற வைத்தியசாலைக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைத் தண்ணீரிலிருந்து எடுத்தது.

மனைவியின் ஒன்றுவிட்ட அண்ணன் மட்டக்களப்புக் கல்லடிக்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவர் ஹெர்மிஸைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “இது நம்மட கப்பலெல்லோ மச்சான்!” என்றார். கடலோடிக் குடும்பம். கப்பல் எந்தத் திசையில் கிடக்கிறது என்று ரீவி மேசைப் பக்கமாகக் கை நீட்டிக் காட்டினார். அதோடு நிற்கவில்லை, காப்பாற்றியே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

முதல் யோசனை, கப்பலை முகத்துவாரத்தால் வாவிக்குள் விடுவது. ஆழம் போதாது என்று எம்டன் விளையாடிய அதே மருமகள் தீர்ப்புச் சொன்னாள். இரண்டாவது யோசனை, ரத்மலானை விமானத்தளம். உண்மையில் அங்கிருந்து கிளம்பிய புல்மார் விமானங்கள் வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் தண்ணீருக்கு மேல் இல்லை. அவை நேரத்தோடு வந்திருந்தால்? அதற்கு நாங்கள் அந்த இடத்திலேயே ஒரு விதி எழுதினோம்: ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கட்டை உருட்டலாம், ஆறு விழுந்தால் விமானம் வரும். உள்ளே சோறு ஆறுகிறது என்று மூன்றாவது தடவையும் குரல் வந்தது. மச்சான் கட்டையை ஊதி உருட்டினார். இரண்டு. ஒன்று. ஒன்று. இந்தக் கட்டை கள்ளக் கட்டை, வேறு தா என்றார். மருமகள் தன் பையிலிருந்து ஒரு பச்சைக் கட்டையை எடுத்துக் கொடுத்தாள். அதில் ஐந்து விழுந்தது. ஐந்துக்கும் ஒரு விமானமாவது தரவேண்டும் என்று மச்சான் வாதாடத் தொடங்கினார்.