ஆடியவரும் ஆட்டுவித்தவரும்

தாம் நன்றாகக் கற்றவரெல்லாம் பிறருக்கு நன்றாகக் கற்பிப்பார் என்பதில்லை. பள்ளிக்கூடத்தில் இது தினந்தோறும் காணும் சங்கதி. பந்தாட்ட மைதானத்திலும் அப்படியே. காலில் வித்தை உள்ளவர் பலர், அதைப் பிறர் காலில் ஏற்றத் தெரியாமல் விழிக்கிறார்கள். கிரீஸ் தேசத்து யோர்கோஸ் டோனிஸ் இதற்கு விலக்கு.

1969-ல் பிறந்த டோனிஸ், ஆதென்ஸ் நகரின் பானதினாய்க்கோஸ் கோஷ்டியில் வலது ஓரத்து முன்னணி ஆட்டக்காரர். ஓட்டத்தில் நிகரற்றவர். 1996 ஏப்ரல் 3-ந் தேதி, முந்திய வருஷத்து ஐரோப்பியச் சாம்பியனான அயாக்ஸ் கோஷ்டியை அதன் ஊரான ஆம்ஸ்டர்டாமிலேயே பானதினாய்க்கோஸ் சந்தித்தது. ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே பாக்கி, கோல் இல்லை. தம் பக்கத்திலிருந்தே பந்தை ஓட்டிப் புறப்பட்ட டோனிஸ், எதிரிகளைப் பின்தள்ளிப் போய், வர்சிகா என்ற போலந்துக்காரரிடம் அதைச் சேர்ப்பித்தார். அந்த ஒரு கோலே ஜெயம் தந்தது. இரண்டு வாரம் கழித்து ஆதென்ஸில் அயாக்ஸ் மூன்று கோல் போட்டுப் பழி தீர்த்துக்கொண்டது. அவ்வருஷமே டோனிஸ் இங்கிலாந்தின் பிளாக்பர்ன் கோஷ்டியில் சேர்ந்தார்.

ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் அவர் பயிற்சியாளராகப் பெயர் பெற்றது லாரிஸாவில். தெஸ்ஸாலிச் சமவெளியிலுள்ள இந்நகரம் 1988-ல் தேசச் சாம்பியனாயிற்று. ஆதென்ஸ், பிரேயஸ், தெஸ்ஸலோனிக்கி ஆகிய பெருநகரங்களுக்கு வெளியே வேறெந்த ஊருக்கும் கிட்டாத பெருமை அது. பின்னர் அக்கோஷ்டி கீழ்ப்பிரிவுகளில் கிடந்து தவித்தது. டோனிஸின் பயிற்சியில் 2005-ல் முதற்பிரிவுக்குத் திரும்பியது. 2007 மே மாதம் கிரேக்கக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் 2-1 என்ற கணக்கில் வென்றது. தோற்றவர் யார் தெரியுமா? பானதினாய்க்கோஸ்! சில மாதங்களில் ஐரோப்பியப் போட்டியில் பிளாக்பர்ன் எதிர்ப்பட்டது. கிரீஸில் 2-0 என்று வென்று, இங்கிலாந்தில் 1-2 என்று தோற்றும், மொத்தத்தில் லாரிஸாவே மேலே சென்றது. தாம் ஆடிய பெரிய கோஷ்டிகளில் இரண்டை ஒரு சிறு நகரத்து இளைஞர்களைக் கொண்டு ஒரே வருஷத்தில் மடக்கினார் டோனிஸ்.

அதே மனிதர் 2008-ல் ஆதென்ஸின் ஏ.இ.கே. கோஷ்டிக்குச் சென்றார், சில மாதங்களிலேயே விலக நேர்ந்தது. அவருடைய அறிவு இடையில் மங்கிவிடவில்லை. சைப்ரஸில் அபோயெல் 2014-ல் சாம்பியன் பட்டத்தையும் கோப்பையையும் அவர் பயிற்சியில்தானே பெற்றது! லாரிஸா அவருக்கு வருஷக்கணக்கில் அவகாசம் அளித்தது. பெருநகரம் மாதக்கணக்கில் பலன் கேட்டது.

ஆசிரியரை மாற்றினால் பையன் தேறிவிடுவான் என்று நினைக்கும் பெற்றோரும், பயிற்சியாளரை மாற்றினால் கோப்பை வந்துவிடும் என்று நினைக்கும் முதலாளிகளும் ஒரே ஜாதி. விதைத்தவன் கையிலிருந்து நிலத்தைப் பிடுங்கிவிட்டு விளைச்சலைக் காணோம் என்றால் யார் என்ன செய்வது?