வெற்றுத் தோட்டாவும் விவசாயியின் கையும்

சுட்டுக் கழித்த தோட்டாவின் வெற்றுக் கோதை எறிந்துவிடாமல், வீட்டிலேயே மருந்து நிரப்பி மீண்டும் பயன்படுத்தத் தொடங்கினால் என்ன? கிளிவெட்டியிலும் மேங்காமத்திலும் கங்குவேலியிலும் வயற்பரணில் இராக்காவல் இருக்கும் இளைஞர் சிலர் இவ்வினாவை எம்மிடம் கேட்கின்றனர். மேல்நாட்டார் தம் வீட்டு மேசையில் கைத்துப்பாக்கித் தோட்டாக்களை நிரப்பி அடுக்குவதைக் கைத்தொலைபேசியில் கண்டுவிட்டு, “அவர்களுக்கு ஆகுமென்றால் எமக்கு ஏன் ஆகாது?” என்கின்றனர்.

எமது விடை, வேண்டாம் என்பதே. ஆயினும் வேண்டாம் என்று கூறி எழுந்து செல்வது பொலிஸ்காரரின் வேலை. அந்த எண்ணம் எதனால் எழுந்தது என்று கேட்பதே மக்களிடை நின்று பணியாற்றுவோர் கடமையாகும்.

முதலில் மேல்நாட்டுக் கதையைப் பார்ப்போம். தோட்டா ஒன்றில் நான்கு உறுப்புக்கள் உண்டு: கோது, அடியிலுள்ள தீமூட்டும் தொப்பி, மருந்து, முனையிலுள்ள சன்னம். சுட்டபின் எஞ்சுவது கோது மாத்திரமே. ஏனைய மூன்றும் புதிதாக வேண்டும். அமெரிக்காவிலே தன் சொந்தத் தேவைக்கு நிரப்பிக்கொள்பவனுக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை. விற்க முனைந்தால்தான் வேண்டும். பிரித்தானியா இதில் இறுக்கமானது. 2006ஆம் ஆண்டுச் சட்டம் தீமூட்டும் தொப்பிகளின் விற்பனையையே உரிமம் பெற்றோருக்கென வரையறுத்தது. அளவுக்கு மிஞ்சித் தோட்டா ஆக்கும் நோக்கத்துடன் அதன் உறுப்புக்களை வைத்திருப்பதையும் 2023இல் குற்றமாக்கினர். அண்டை நாடான இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ, உரிமமின்றித் தோட்டா ஆக்குவதையே விலக்குகின்றது.

இன்னொன்றையும் அவ்விளைஞர் நோக்கவில்லை. அம்மேசையின்மீது தராசு இருக்கின்றது. ஆலையின் பெயரும் வகையும் பொறித்த மருந்துக் கொள்கலன் இருக்கின்றது. இன்ன மருந்துக்கு இன்ன அளவு என்று பரிசோதித்து அச்சிட்ட கைநூல் இருக்கின்றது. கைத்துப்பாக்கி மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின். ஒரு கிரெயின் நம் குன்றிமணி ஒன்றின் எடையில் ஏறக்குறையப் பாதி. வேகமாய் எரியும் அம்மருந்தை மறதியால் இருமுறை இட்டாலும் கோது அதற்கு இடங்கொடுத்துவிடும், துப்பாக்கி இடங்கொடாது. கையிலேயே வெடிக்கும். இத்தனை கருவியும் நூலும் உள்ள நாட்டிலேயே இவ்விபத்து நிகழ்கின்றது.

எம் வயற்புறத்தில் என்ன உண்டு? தராசு இல்லை, நூல் இல்லை, வகை தெரிந்த மருந்தும் இல்லை. பட்டாசைப் பிரித்துக் கொட்டியதும், எவரோ எங்கோ இடித்துக் கொடுத்ததுமே மருந்து. பழைய இடியன் துவக்கை நம் முன்னோர் வாய்வழியாக நிரப்பித்தானே சுட்டார்கள் என்பார் உளர். மெய்தான். இடியன் துவக்கால் விரலிழந்தவரையும் கண்ணிழந்தவரையும் அறியாத வயற்கிராமம் எது? மேலும், வீட்டில் மருந்து புழங்கத் தொடங்கினால் அது தோட்டாவோடு நிற்பதில்லை. பன்றிக்கென்று இரைக்குள் பொதியும் வாய்வெடியாக மாறுகின்றது. சிங்களத்திலே ஹக்க பட்டாஸ் எனப்படும் அக்கொடுமையைக் கடித்த யானைக்கன்று, வாய் சிதைந்து, நீரும் பருக மாட்டாமல் நாட்கணக்கிற் பட்டினி கிடந்து சாகின்றது. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். யானையும் எமக்குப் பகையன்று, பசித்த விலங்கு. பகை எதுவென்று பின்னர் கூறுவோம்.

இனிச் சட்டத்தைக் காண்போம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி துவக்கு வைத்திருக்க ஆண்டுதோறும் உரிமம் வேண்டும். அச்சட்டத்தின் தண்டனைகள் 1996இல் கடுமையாக்கப்பட்டன. மருந்தை உரிமமின்றி ஆக்குவதும் வைத்திருப்பதும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டத்தின்கீழ்க் குற்றமாகும். துவக்குக்குப் பெற்ற உரிமம் மருந்துக்குச் செல்லாது. வெடியாகப் பொதிந்துவிட்டாலோ, குண்டுகளைப் பற்றிய 1966ஆம் ஆண்டுச் சட்டமும் குறுக்கே வந்து நிற்கும்.

இவை எல்லாருக்கும் பொதுவான சட்டங்கள் என்பர். ஏட்டில் பொதுதான். ஆனால், தமிழன் வீட்டில் ஒரு சுண்டு மருந்து அகப்படுவதும் வேறொருவன் வீட்டில் அதே அளவு அகப்படுவதும் இந்நாட்டில் ஒரே செய்தியாக இருந்ததுண்டா? முன்னவனுக்கு 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் காத்திருந்தது. சாதாரண வழக்கிலே பொலிசாரிடம் அளித்த குற்றவொப்புதலைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு ஏற்பதில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி பதிந்த ஒப்புதலை ஏற்றுக்கொள்கின்றது. பன்றி விரட்டப் போனவன், தனக்குத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் ஒப்பமிட்டுவிட்டு, எத்தனை ஆண்டு விளக்கமறியலில் இருப்பான் என்று எவரால் சொல்ல முடியும்? இளைஞரை நாம் தடுப்பதற்கு இதுவும் காரணம்.

அரசாங்கத்தாரிடம் இப்பொழுது கேட்கிறோம். உழவனை இந்நிலைக்குத் தள்ளியவர் யார்? 1980களில் இப்பகுதித் தமிழ் விவசாயிகளின் உரிமம் பெற்ற துவக்குகள் ஒருபுறம் அரசாங்கத்திடமும் மறுபுறம் இயக்கங்களிடமும் போய்ச் சேர்ந்தன. அதே காலத்தில் ஊர்காவல் படையினர்க்கு அரசாங்கமே துவக்கு வழங்கிற்று. 1985 யூன் மாதத் தொடக்கத்திலே கிளிவெட்டி கண்டதென்ன? 1996 பெப்ரவரி 11இல் குமாரபுரத்திலே இருபதுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் எதிரிகளாக நின்ற ஆறு இராணுவத்தினரும் 2016 யூலையில் அனுராதபுர மேல்நீதிமன்றத்தில் விடுதலையாயினர். அரசாங்கம் வழங்கிய தோட்டாவுக்குக் கணக்குக் கேட்டு நாம் பெற்ற விடை அது. பரணில் இருப்பவன் ஒரு தோட்டா கேட்டால் மாத்திரம் கிராம உத்தியோகத்தர், பொலிஸ், பிரதேச செயலகம், கச்சேரி என்று படியேறி இறங்க வேண்டும். உரிமம் கிடைத்தவனுக்கும் தோட்டாவின் விலை எட்டாக்கனி என்பது விவசாயிகளின் முறைப்பாடு.

தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்கு வழங்கிய துப்பாக்கிகளை ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு 2024 நவம்பரில் பணித்தது. அதனை நாம் குறை கூறோம். கொழும்புச் சீமான்களின் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கி எவ்வுயிரைக் காத்ததென்று நாமறியோம். ஆனால் இடுப்புத் துப்பாக்கிக்கும் வயல் துவக்குக்கும் உள்ள வேறுபாடு அமைச்சுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும்.

நாம் வேண்டுவன அதிகமல்ல. பயிர்க் காவலுக்கான உரிமங்களைத் தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் விடை பெறவும் வழி வேண்டும். தோட்டாவைக் கட்டுப்பாட்டு விலையில், எண்ணிக் கணக்கிட்டு, கமநல சேவை நிலையத்தினூடாக வழங்கலாம். வெற்றுக் கோதைத் திருப்பிக் கொடுத்தாலன்றிப் புதியது இல்லை என்று விதித்தாலும் நாம் எதிரோம். எல்லாவற்றுக்கும் மேலாக, யானைவேலி வேண்டும். போட்ட வேலியைப் பேண ஆளும் வேண்டும். காட்டை வெட்டிக் குடியேற்றம் அமைத்தவர்கள் யானையின் பாதையைக் கேட்டா அமைத்தார்கள்? பகை அங்கேதான் விளைந்தது.

விவசாய சங்கங்கள் செய்யத்தக்கதும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், மூதூர், சேருவில, வெருகல் பிரதேச செயலகப் பிரிவுகளில் பயிர்க் காவல் உரிமம் கேட்டோர் எத்தனைபேர், பெற்றோர் எத்தனைபேர், மறுக்கப்பட்டோர் எக்காரணத்தால் மறுக்கப்பட்டனர் என்று மாவட்டச் செயலகத்தை எழுத்திற் கேட்கலாம். பாரபட்சத்தால் மறுக்கப்பட்டவர், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின்கீழ் உயர்நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே அவகாசம் உண்டு. அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் அந்த அவகாசத்திற் சேராது. உரிமங்கள் டிசெம்பர் 31உடன் முடிவடைகின்றன. ஆகவே மறுப்புக் கடிதம் கைக்குக் கிடைத்த நாளை அதன் தலைப்பிலே குறித்து, பிரதியொன்றை எடுத்துக்கொண்டு, அவ்வாரமே ஒரு சட்டத்தரணியிடம் வாருங்கள்.