பழைய கைக்கணினியும் நம் கடமையும்

2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மாணவர் பலர்க்கு ‘டெப்’ என வழங்கும் கைக்கணினியே வகுப்பறையாயிற்று. மென்பொருளைப் புதுப்பித்தபின் அவை ஆமையென ஊர்கின்றன எனச் சிலாபத்துப் பெற்றோர் முறையிடக் கேட்கின்றோம்.

கருவி பழுதுற்றிலது, புதிய மென்பொருள் வேண்டும் நினைவகமும் வேகமும் அதனிடத்து இல்லை என்பதே காரணம். வேண்டாத செயலிகளையும் காணொளிகளையும் நீக்கிச் சேமிப்பிடத்தைச் சிறிது வெறுமையாக்குக. அதனாலும் தீராதெனின், வேண்டுவனவற்றைப் படியெடுத்துக்கொண்டு, ஏனையவற்றை அழித்துக் கருவியைத் தொடக்கநிலைக்கு மீட்க. பழைய மென்பொருள் மீளாது. சேர்ந்த சுமை நீங்கும்.

இதனைப் பாவிப்போர் தலையில் மட்டும் சுமத்துதல் முறையன்று. புதுப்பிப்பினாற் பழைய தொலைபேசிகள் மந்தமுற்றமைக்காக, 2018இல் இத்தாலிய அரச அமைப்பொன்று ஆப்பிள், சாம்சங் நிறுவனங்களுக்குத் தலா 50 இலட்சம் யூரோ தண்டம் விதித்தது. அத்தகைய காப்பு நம் நாட்டார்க்கும் வேண்டும்.

பழைய மாணவர்களே! புதியது வாங்கியபின் மூலையிற் கிடக்கும் கருவியைச் செம்மைசெய்து, உங்கள் கணக்கை அதனின்று நீக்கிக் கல்லூரிக்கு ஈயுங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கருவி வங்கி அலுவலுக்கு ஆகாது. ஆயின் ‘நூலகம்’ இணைய நூலகத்திலுள்ள ஈழத்து நூல்களைப் படிக்க, வசதியற்ற மாணவர் ஒருவர்க்கு அது போதும்.