தானே ஓடும் வண்டி யாருக்காக ஓடுகிறது?

ஆள் இல்லாமல் தானே ஓடும் சரக்கு வண்டி ஆலைகளுக்குள் புகுந்துவிட்டது. சென்னையை அடுத்த ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பெரிய ஆலைகளில் உதிரி பாகங்களைச் சுமந்துகொண்டு அது போய் வருகிறது. சப்பையான பெட்டி, அடியில் சக்கரம், வயிற்றில் பேட்டரி. லேசர் கதிரை வீசிச் சுவர் எங்கே, தூண் எங்கே, ஆள் எங்கே என்று அளந்து, தன்னுள் இருக்கும் வரைபடத்தின்படி வழி கண்டுகொள்கிறது. குறுக்கே மனிதன் வந்தால் நிற்கிறது. முன்பெல்லாம் இத்தகைய வண்டி தரையில் பதித்த கம்பியின் தடத்தில்தான் ஓடும். இப்போது அந்தக் கம்பியும் வேண்டாம்.

மனிதன் சுமை சுமந்த காலம் மலையேறிவிட்டது என்று முதலாளிகளும் அவர்களுக்குப் பாட்டுப் பாடும் நிபுணர்களும் பூரிக்கிறார்கள். அப்படியா? ஆலங்குளத்திற்கு வந்து அதைச் சொல்லட்டும்!

ஆலங்குளத்து ஜனங்களுக்குச் சுமையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டாம். 1970-களின் தொடக்கத்தில் இங்கு சர்க்காரின் சிமெண்ட் ஆலை வந்தது. 1976-ல் டான்செம் ஏற்பட்டபின் அதன் வசமாயிற்று. சிமெண்ட் மூட்டை, எந்தக் கம்பெனியுடையதானாலும், 50 கிலோ. பத்து டன் லாரிக்கு 200 மூட்டை. நாலு பேர் சேர்ந்து இறக்கினால் தலைக்கு ஐம்பது மூட்டை, அதாவது இரண்டரை டன். இது ஒரே லாரிக்கு! இந்த மூட்டைக்கு முன்னால் லேசர் கண் வைத்த வண்டி வந்து நின்றதை நம் கடைவீதியில் யாரேனும் கண்டதுண்டா?

அமேசான் என்ற அமெரிக்க ராட்சதக் கம்பெனியைப் பாருங்கள். கிடங்கு வண்டி செய்யும் கிவா கம்பெனியையே 2012-ல் 77 கோடியே 50 லட்சம் டாலர் கொடுத்து வாங்கிற்று. 2025 ஜூலையில், தன்னிடம் பத்து லட்சம் ரோபோக்கள் ஆகிவிட்டன என்று பெருமையோடு அறிவித்தது. அதே கம்பெனியின் மானேசர் கிடங்கில், ஹரியானாவில், 2024 மே மாதம் நடந்தது என்ன? 24 அடி நீளமுள்ள ஆறு லாரிகளின் சரக்கை இறக்கி முடிக்கும் வரை தண்ணீர் குடிக்கப் போகமாட்டோம், கக்கூசுக்குப் போகமாட்டோம் என்று தொழிலாளர்களைச் சத்தியம் செய்ய வைத்தார்கள்! செய்தி வெளியானதும் தேசிய மனித உரிமைக் கமிஷன் நோட்டீஸ் அனுப்பியது. கம்பெனியோ, தனிச் சம்பவம் என்று மழுப்பிற்று.

இரண்டும் ஒரே கம்பெனிதான், ஒரே மூளைதான். அங்கே கூலி அதிகம், ஆகவே வண்டி. இங்கே முதுகு மலிவு, ஆகவே சத்தியம்!

விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதை வயலிலேயே பார்த்திருக்கிறார்கள். கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தது. அறுப்புக் கூலி போயிற்று. ஆனால் 2018-க்குப் பிறகு மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்னத் தொடங்கியபோது, விஷ மருந்து நிறைந்த டாங்கியைச் சுமந்தது யார்? அதே கூலியாளின் முதுகு. கூலி மிச்சமாகும் இடத்திற்கு இயந்திரம் ஓடோடி வருகிறது. உயிர் மிச்சமாகும் இடத்திற்கு வர அதற்கு வழி தெரியவில்லை!

உயிர் என்றதும் நம் பட்டாசு ஆலைகள்தான் கண்முன் நிற்கின்றன. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் கருகினார்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, அளவுக்கு மீறி மருந்து வைக்கக்கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. மருந்துக்கு ஓர் உரசல் போதும். கலக்கும் அறையிலிருந்து செலுத்தும் அறைக்கு, அங்கிருந்து காயவைக்கும் களத்துக்கு, மறுபடி உள்ளே என்று தட்டுத் தட்டாக ஏந்தி நடப்பது நம் பெண்களின் கை. சாவைக் கையில் ஏந்திக்கொண்டு நடக்கும் நடை இது. வண்டி எங்காவது அவசியம் என்றால் இங்கே அல்லவா அவசியம்?

கார் ஆலையில் ஓடும் வண்டியை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டால் அதுவே தீக்குச்சியாகிவிடும் என்பதும் நமக்குத் தெரியும். பேட்டரியும் மோட்டாரும் பொறி கிளப்பும். தீப்பொறி வெளியே வராத மோட்டாரை, நிலக்கரிச் சுரங்கத்திற்காக மனிதன் எப்போதோ செய்துவிட்டான். பட்டாசுக்கேற்ற வண்டி செய்ய அறிவு இல்லாமல் இல்லை. அதில் லாபம் இல்லை, அவ்வளவுதான். வண்டி கிடக்கட்டும், மேடுபள்ளம் இல்லாத நடைபாதையைக்கூட நாம் கேட்டுக் கேட்டல்லவா வாங்க வேண்டியிருக்கிறது!

நாம் இயந்திரத்தின் விரோதிகள் அல்ல. சுவீடன் நாட்டின் கால்மர் நகரில் 1974-ல் வோல்வோ கார்க் கம்பெனி ஓர் ஆலை திறந்தது. வரிசையாய் இழுத்துச் செல்லும் பெல்ட் அங்கே இல்லை. தானே ஓடும் மின்சார வண்டிமேல் கார் வரும். சிறு சிறு குழுக்களாகத் தொழிலாளர் அதைப் பூட்டுவார்கள். அண்ணாந்து கழுத்து நோகாதபடி காரையே பக்கவாட்டில் சாய்த்துத் தரும் வண்டி அது! முதலாளியின் கருணையா? இல்லை. பெல்ட் வேலை பிடிக்காமல் ஆட்கள் விலகிப் போனார்கள். சங்கமும் பலமாக இருந்தது. 1994-ல் அந்த ஆலையை மூடினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் இருபது வருஷம் வண்டி மனிதனுக்காக ஓடிக் காட்டியது.

இந்த நாட்டிலும் வழக்குப் புதிதல்ல. இயந்திரத்தைக் காட்டி வேலைப்பளுவை ஏற்றியதை எதிர்த்து 1955-ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1957-ல் பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, நவீனமயத்தால் ஆட்குறைப்போ கூலி வெட்டோ கூடாது, பலனில் தொழிலாளிக்குப் பங்கு வேண்டும், வேலைப்பளுவை இருதரப்பும் ஒப்பும் நிபுணர் அளக்க வேண்டும் என்று ஏற்றது. முதலாளிகளும் அந்த மாநாட்டில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்! பிறகு? வண்டி ஓடும் யுகத்தில் வேலை நேரம் ஆறு மணியாகக் குறைந்ததா? 2023 ஏப்ரல் 21-ல் தமிழகச் சட்டசபையில் நிறைவேறியது 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா! தொழிலாளர் கொதித்து எழுந்த பிறகே மே தினத்தன்று அது வாபஸ் ஆயிற்று. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்போ, ஆட்குறைப்புக்குச் சர்க்காரின் முன் அனுமதி தேவைப்படும் ஆலையின் அளவை 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்திவிட்டது. அதற்குக் கீழுள்ள ஆலைகளில் கேட்பாரில்லை.

பஞ்சாலைத் தோழர்கள் இப்போதே ஒரு சூழ்ச்சியைக் கவனிக்க வேண்டும். வண்டியால் ஒருவருக்குக்கூட வேலை போகாது என்று நிர்வாகம் எழுதிக்கூடத் தரும். தள்ளுவண்டி தள்ளுகிறவர், பேல் உருட்டுகிறவர், மூட்டை ஏற்றுகிறவர் பெரும்பாலும் காண்டிராக்டரின் ஆட்கள். ஆலையின் ரிஜிஸ்தரில் பெயரே இல்லாதவரை எப்படி நீக்குவது? நாளை முதல் வர வேண்டாம் என்று காண்டிராக்டர் வாய்வார்த்தையாகச் சொல்வார். ஆட்குறைப்பு பூஜ்யம் என்று கணக்கு எழுதப்படும். ஆகவே ஆலைக்குள் வண்டி இறங்குவதற்கு முந்திய தினம், கேட்டைத் தாண்டி உள்ளே போகும் ஒவ்வொரு தலையையும் சங்கமே எண்ணி, பெயரும் வேலையும் எழுதி, நிர்வாகத்தின் கையெழுத்தை அதில் வாங்கியாக வேண்டும். நிரந்தரத் தொழிலாளியின் பெயருக்குப் பக்கத்திலேயே காண்டிராக்ட் தொழிலாளியின் பெயரும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.