கடனாளிக்கும் ஒரு வக்கீல் வேண்டும்

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நொடித்தபோது அதன் நிலையைப் பரிசீலிக்க டெல்லியில் ஒரு வாரியம் இருந்தது. 1992-இல் அதனிடம் ஒப்படைக்கப்பட்ட கம்பெனி, 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்ட பின்னரும், உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும் கற்றறிந்த வழக்கறிஞர் வாயிலாகத் தன் தரப்பை எடுத்துரைத்தது. ஆனால் அச்சுரங்கங்களை நம்பி வடஆற்காட்டிலிருந்து வந்து பூமிக்கடியில் ஜீவனம் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள், விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடித்துக் கூலிக்குப் போயும், குழுக்கடனிலும் மீட்டர் வட்டியிலும் சிக்கித் தவிக்கும்போது, கோலார் தங்கவயலின் ஸ்கெலட்டன் பக்கத்துத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் வந்து நிற்பவர் வசூல்காரரேயன்றி வக்கீல் அல்லர். இதைப் பெரும் அநீதியென்றே நான் கருதுகிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஊரார் தணிந்த குரலில் மஞ்சள் கடுதாசி என்று சொல்லும் பரிகாரம், 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டத்தைச் சார்ந்தே இன்றும் நிற்கிறது. 2016-இல் பிறந்த திவால் சட்டமோ, ஆண்டு வருமானம் 60,000 ரூபாயும் கடன் 35,000 ரூபாயும் மேற்படாத, சொந்த வீடில்லாத ஏழைக்கென ஓர் அத்தியாயத்தை எழுதி வைத்தும், சாமானியனுக்கு அது இன்னும் அமலாக்கப்படவில்லை.

எனினும் நொடிப்பு மனு எல்லாருக்கும் உகந்ததன்று; அதில்லாமலே கிட்டும் காவல்களும் உண்டு. கூலிக்காரரின் கூலியையும் கைவினைஞரின் கருவிகளையும் வருங்கால வைப்பு நிதியையும் ஜப்தி செய்யலாகாதென்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காக்கிறது. கொடுக்க வழியற்றவனை அக்காரணத்துக்காகவே சிறையிலிடலாகாதென்று 1980-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். சிறுகடன் வசூலில் நடக்கும் பலாத்காரத்தைத் தடுக்க 2025-இல் கர்நாடகச் சர்க்காரே சட்டம் செய்திருக்கிறது. இவற்றுள் ஒன்றையும் எடுத்துச் சொல்வாரின்றி, தனக்குப் படிக்கத் தெரியாத கன்னட நோட்டீஸையும், மூக்குத்தியை அடகு வைத்த பணத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு வரும் தாய், அதை அவிழ்த்துக் கொடுப்பது கோர்ட் வாசல் தரகரிடம். வக்கீல்கள் விளம்பரம் செய்யலாகாதென்பது பார் கவுன்சில் விதி, நல்ல விதிதான், ஆயினும் விலாசம் தெரியாத ஏழைக்கும் வக்கீலுக்கும் இடையே தரகர் புகுந்துகொள்கிறார். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று பேசுவதையும் அவ்விதிகளே தடுக்கின்றன. கோர்ட் கட்டணம் எவ்வளவு, வக்கீல் பீஸ் எவ்வளவு என்று தனித்தனியே கேட்டு ரசீது வாங்குவது கட்சிக்காரரின் உரிமை.

அந்தப் பீஸுக்கும் வழியில்லாதோர் பலர். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பாராமலே இலவச வக்கீலை அளிக்கிறது. 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்கலாம். லைன் குடும்பங்களில் பெரும்பாலானவை இவ்வகையில் அடங்குவன. ஆகவே தாலுகா சட்டப்பணிக் குழுவின் வக்கீல், கோர்ட் வேலை நாளில் மட்டும் தன் மேஜையில் காத்திராமல், கூலிக்குப் போனவர்கள் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஸ்கெலட்டனுக்கே வந்து, அந்த நோட்டீஸை வாங்கித் தமிழில் படித்துச் சொல்ல ஏற்பாடு செய்யும்படி கோலார் மாவட்ட சட்டப்பணிகள் ஆணையத்தை வேண்டுகிறேன்.